அழகப்பனின் ஐந்தாம் சுரம்

கித்தார் வாசிப்பவர்கள் ஒரு ரகம், வாசிக்கக் கற்றுக்கொள்பவர்கள் இன்னொரு ரகம், அவ்வளவுதான் என்று நானும் நினைத்திருந்தேன். மூன்றாவது ரகம் ஒன்று இருக்கிறது ஐயா! இவர் பாட்டு வாசிக்க மாட்டார். ஒரு சுரத்துக்கும் இன்னொரு சுரத்துக்கும் எத்தனை தூரம் என்று அளந்துகொண்டே இருப்பார்.

தெருவுக்குத் தெரு வாத்தியக் குழு முளைத்திருக்கும் இந்த அறுபத்தாறாம் ஆண்டில், நம் அழகப்பனைப் பாருங்கள். துறைமுகத்தில் குமாஸ்தா. தேக்காவில் சரபத் கடைக்கு, அதாவது தேநீர்க் கடைக்கு, வந்தால் கித்தாரும் உறை போட்டுக்கொண்டு கூடவே வரும். உறையைக் கழற்றுவார், நாற்காலியைத் துடைப்பார், காதைச் சாய்ப்பார், கம்பியை முறுக்குவார், தளர்த்துவார், மறுபடி முறுக்குவார், அதற்குள் அவருடைய தே ஆறி ஏடு படிந்துவிடும். பிறகு இரண்டே சுரம். டிங். டொங்.

"கேட்டீங்களா? இதுதான் ஃபிப்த். நம்ம ச-வுக்கு ப மாதிரி."

கடைக்காரர் அஹமது கபீர் பொறுமைசாலி. "நல்லாருக்கு லா. ஒரு பாட்டு வாசிங்களேன்."

"பாட்டு யார் வேணும்னாலும் வாசிப்பான், பாய். அஸ்திவாரம் வேணாமா? அடுத்த கம்பியில ரெண்டு கட்டம் தள்ளி விரலை வச்சா ஃபிப்த். ஆனா மூணாவது கம்பியிலேர்ந்து ரெண்டாவதுக்குத் தாண்டுறப்ப மட்டும் மூணு கட்டம் தள்ளணும். இது தெரியாமத்தான் ஊர்ல பாதிப் பேரு வாசிக்கிறான்!"

அஸ்திவாரம் போட ஆரம்பித்து வருஷக்கணக்காகிறது. சுவர் எழும்பின பாடில்லை. வானொலியில் யார் பாடினாலும் சுருதி இறங்குகிறது என்பார். கோயில் நாதஸ்வரத்துக்கும் மதிப்பெண் போடுவார். சிராங்கூன் சாலையில் போகும் பேருந்தின் ஹாரனையாவது சும்மா விடக்கூடாதா? "மைனர் தேர்ட்!" என்று அதற்கும் ஒரு இடைவெளிப் பெயர் சொல்லி விரலை உயர்த்துவார். சிரித்துவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம். ஆனால் இவருக்கு ஒரு தங்கை இருக்கிறாளே!

சந்திரமதி. என்ன குரல் தெரியுமா! சமூக நிலையத்தில் பாட்டுப் போட்டி வந்தது. ஜெயித்தால் வானொலியில் பாடலாம். பெண்பிள்ளை மேடையேறுவதா என்று அப்பா ஒரு வாரம் முறைத்தார், சாப்பாட்டில் உப்பு இல்லை என்றார், கடைசியில் இறங்கி வந்தார்.

"அண்ணன் பக்கத்துல உக்காந்து வாசிச்சா பாடு. இந்த ஒரு தடவைதான்."

அன்று மேடையில் அழகப்பன் சுருதி சேர்த்தார், சேர்த்தார், முன்வரிசையில் ஒருவர் கொட்டாவி விடும்வரை சேர்த்தார். அப்புறம் அவள் பாடினாள். கூடத்தில் பேச்சு அடங்கிவிட்டது. நடுவர்களில் ஒருவர் தலையை ஆட்டக்கூட ஆரம்பித்தார். பல்லவி முடிந்து குரல் மேலே போய்ப் பஞ்சமத்தில் நின்ற இடத்தில், அழகப்பன் தம்முடைய ஃபிப்த்தைப் போட்டார். மூன்றாவது கம்பியிலிருந்து இரண்டாவதுக்கு. எத்தனை கட்டம் தள்ளினார்? இரண்டு! ஊருக்கெல்லாம் பாடம் சொன்ன அதே இடத்தில்!

குரல் ஒரு பக்கம், கம்பி ஒரு பக்கம் இழுத்தது. தப்பு யாருடையது என்று அவருக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை. தங்கையைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். கீழே, கீழே என்று தாடையால் சைகை காட்டினார். அண்ணனுக்குத் தெரியாததா? அவள் குரலை இறக்கினாள். அடுத்த அடியிலும் இறக்கினாள். தலையாட்டிய நடுவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். பாவி மனுஷன்! எனக்கு அப்படியே மேடையேறி அந்தக் கித்தாரைப் பிடுங்கிவிடலாம் போலிருந்தது.

வெளியே வந்ததும் அவள் கேட்டாள். "நான் தப்பாப் பாடிட்டேனாண்ணே?"

"லேசாத்தான்மா. இடைவெளி ஞானம் இன்னும் வேணும். அடுத்த தடவை பாத்துக்கலாம்."

அடுத்த தடவை ஏது? அப்பா அன்றைக்கே கதவைச் சாத்தியாகிவிட்டது. இப்போது சந்திரமதி சமையற்கட்டில் மட்டும் மெல்லப் பாடிக்கொள்கிறாள். வாசலில் அண்ணனுடைய செருப்புச் சத்தம் கேட்டால் அதுவும் நின்றுவிடும்.

நீங்கள் தாராளமாகச் சிரிக்கலாம், உங்களிடம்தான் கித்தார் இல்லையே. ஆனாலும் இன்று வீட்டுக்குப் போனதும் வாசலிலேயே ஒரு நிமிஷம் நின்று காது கொடுங்கள். உள்ளே யாராவது பாடிக்கொண்டிருக்கலாம். கதவைத் திறந்ததும் பாட்டு நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள்.