சோபாவிலிருந்து ஒரு ஏர் பில்டர்

வரும் ஞாயிற்றுக்கிழமை காலைக்குள் வண்டியை ஓட வைத்தே தீருவது என்று கண்ணாடிக்காரர் முடிவெடுத்தார். இதே முடிவை அவர் முன்பும் பல தடவை எடுத்திருக்கிறார். அப்போதெல்லாம் எந்த ஞாயிறு என்று சொன்னதில்லை. இந்தத் தடவை ஞாயிறைக் குறித்துக் கொடுத்தது அவர் மனைவி.

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துக் கொடுப்பது அவர் தொழில். வீட்டுக்கு வந்தால் பழைய மோட்டார் சைக்கிளைத் தேய்ப்பார். அவரைவிட வயதில் மூத்த வண்டி. வாங்கி வந்த நாளிலிருந்து வாசல் அறையின் நடுவே, ஜன்னல் வெளிச்சம் நேராக விழும் இடத்தில் நின்றது. வீட்டிலேயே நல்ல வெளிச்சம் உள்ள இடம் அது ஒன்றுதான். அவர் மனைவி துணி தைப்பவள். அவளுடைய தையல் மெஷின் சமையலறைக்குப் போகும் வழியில், பிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவே முக்கிக்கொண்டு கிடந்தது. கருப்புத் துணிக்குக் கருப்பு நூல் கோக்க வேண்டுமென்றால் அவள் ஊசியோடு எழுந்து ஜன்னலுக்குப் போவாள். போகிற வழியில் வண்டியின் ஹேண்டில் இடுப்பில் இடிக்கும்.

"ஞாயித்துக்கிழமை தம்பி வேன் எடுத்துட்டு வர்றான்," என்றாள், இடித்த இடத்தைத் தேய்த்துக்கொண்டே.

"எதுக்கு?"

"அவன் கோழிக் கொட்டகையில ஒரு மூலை காலியா இருக்காம். உங்க வண்டி அங்க போய் நிக்கட்டும்."

"கோழிக்கு நடுவுலயா? இது எப்பேர்ப்பட்ட வண்டின்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாம என்ன? வீட்டோட மாப்பிள்ளை. நடு ஹால்ல உக்காந்துகிட்டு எண்ணெயைக் குடிக்குது. வேலைன்னு ஒண்ணும் கிடையாது."

"ஒரே ஒரு சின்ன வேலைதாம்மா பாக்கி."

"போன மழைக்காலத்துலயும் அந்தச் சின்ன வேலைதான் பாக்கி இருந்துச்சு."

"சரி, ஞாயித்துக்கிழமை தெருக்கோடி வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துட்டா?"

"வந்துட்டா கோழிக் கொட்டகைக்கு அனுப்பல."

"பேச்சு மாற மாட்டியே?"

"நான் எப்பங்க மாறினேன்?"

அதுவும் உண்மைதான். அந்த வீட்டில் பேச்சு மாறுகிற வேலை முழுவதையும் கண்ணாடிக்காரர் ஒருவரே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் சொன்ன சின்ன வேலை, ஏர் பில்டர். அந்த வண்டிக்கு மூக்கு இரண்டு. என்ஜின் இழுக்கும் காற்றில் தூசி போகாமல் தடுக்க இரண்டு மூக்கிலும் வட்டமாக ஒரு ஸ்பாஞ்சு இருக்கும். அவர் மூடியைக் கழற்றி ஸ்பாஞ்சைத் தொட்டார். அது காய்ந்துபோன பன் மாதிரி உதிர்ந்து உள்ளங்கையில் கொட்டியது. மீதி எங்கே போனது என்று பார்த்தால் கார்புரேட்டருக்குள் போயிருந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து ஊதியும் துடைத்தும் அதைச் சுத்தம் செய்தார். ஊதிய தூள் அவர் மூக்குக்குள் போனது. வண்டி தும்ம வேண்டிய தும்மலையெல்லாம் அவர் தும்மினார்.

புது பில்டர் கேட்டுப் போன கடையில், வண்டியின் பேரைச் சொன்னதும் கடைக்காரர் எழுந்து நின்றார். மரியாதை என்று நினைத்து இவரும் நிமிர்ந்தார்.

"அண்ணே, இந்த வண்டி இன்னும் இருக்கா?" என்றார் கடைக்காரர்.

"என்கிட்ட இருக்கு."

"இதுக்கு பில்டர் எங்கேயும் இருக்காது. செஞ்ச கம்பெனியையே மூடியாச்சு."

பில்டரே போடாமல் ஓட்டலாமே என்று யாரும் அவரிடம் கேட்டுவிட முடியாது. தெருத் தூசி நேராக பிஸ்டனுக்குப் போவதா? அவர் தலையில் மண்ணை வாரிப் போட்டாலும் பொறுத்துக்கொள்வார், என்ஜினுக்குள் ஒரு துளி போனால் பொறுக்க மாட்டார். வேறு வழி தேடி வாசல் அறையில் இங்குமங்கும் நடந்தவர், களைத்துப்போய் சோபாவில் உட்கார்ந்தார். உட்கார்ந்த இடம் மெத்தென்று இருந்தது. துள்ளி எழுந்தார்.

மனைவி துணி வாங்கக் கடைக்குப் போன மதியத்தில் வேலை நடந்தது. சோபா மெத்தையைப் புரட்டி, உறையின் ஜிப்பைத் திறந்து, குழம்புக் கிண்ணத்தைக் கவிழ்த்து அளவெடுத்து, அவளுடைய கத்திரிக்கோலாலேயே இரண்டு வட்டம் வெட்டினார். பள்ளம் விழுந்த இடத்தில் பழைய பனியன்களைச் சுருட்டி அடைத்தார். ஜிப்பைப் போட்டு, தட்டிக் கொடுத்து, தள்ளி நின்று பார்த்தார். கடவுளே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது என்று தோன்றியது. கடவுள் வருவதாக இல்லை. மனைவி வந்துவிட்டாள்.

அன்றிலிருந்து அவர் சோபாவின் அந்த ஓரத்தை விட்டு நகரவில்லை. சாப்பாட்டுத் தட்டையும் அங்கேயே வாங்கிக்கொண்டார்.

"என்னங்க, அங்கேயே ஒட்டிக்கிட்டீங்க? தள்ளுங்க, மெத்தையைத் தட்டிப் போடறேன்."

"வேணாம். இடுப்பு புடிச்சிருக்கு."

"இடுப்பு புடிச்சா படுக்கணும்."

"உக்காந்தாதான் நல்லா இருக்கு."

"அப்படியா? உக்காருங்க, உக்காருங்க," என்று அவள் போய்விட்டாள். தையல் மெஷின் சத்தம் கேட்டது. அது வழக்கத்தைவிட உற்சாகமாகக் கேட்டதை அவர் கவனித்திருக்கலாம். பிறர் கண்ணுக்கு வாழ்நாளெல்லாம் கண்ணாடி மாட்டுகிற மனிதருக்கு வீட்டில் நடப்பது மட்டும் மங்கலாகத்தான் தெரியும்.

சனிக்கிழமை காலை சோபா பில்டரை எண்ணெயில் நனைத்துப் பிழிந்து மாட்டினார். உதைத்தார். வண்டி 'டுப்' என்றது. மறுபடி உதைத்தார். கொஞ்ச நேரம் உறுமியது, கரும்புகையாகக் கக்கியது, திணறி நின்றது. மத்தியானம் வரை இதே கதை. அவர் சட்டை முழுக்க வியர்வை, அறை முழுக்கப் புகை. பிளக்கைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். திட்டினார். கொஞ்சினார். கடைசியில் வண்டியின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். பெட்ரோல் டேங்க் மேல் கோழிகள் ஏறி உட்காருவது அவர் கண் முன்னால் வந்தது. நிஜமாகவே அவருக்கு அழுகை வந்தது.

மனைவி வந்து நின்றாள். மூக்கைப் புடவைத் தலைப்பால் மூடியிருந்தாள்.

"அந்த ஸ்பாஞ்சைக் கழட்டிக் கொடுங்க."

கொடுத்தார். அவள் அதை வாயருகே பிடித்து ஊதினாள். இந்தப் பக்கம் ஊதிய காற்று அந்தப் பக்கம் வரவில்லை.

"என் மூச்சே போகலையே, உங்க வண்டிக்கு எப்படிப் போகும்? உக்கார்ற மெத்தைக்குச் செஞ்ச ஸ்பாஞ்சு அழுத்தமாத்தான் இருக்கும்."

கண்ணாடிக்காரர் பிளக்கைத் துடைப்பது போல் குனிந்துகொண்டார். "மெத்தையா? எந்த மெத்தை?"

"நாலு நாளா நீங்க அடைகாக்கற மெத்தைதான். ஒரு பனியன் கை ஜிப்புல மாட்டி வெளியே தொங்குது."

அவள் திட்டுவாள் என்று அவர் தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தார். அவள் திட்டவில்லை. உள்ளே போய் ஒரு கருப்பு ஸ்பாஞ்சுத் துண்டைக் கொண்டுவந்து அவர் மடியில் போட்டாள். பார்த்தாலே தெரிந்தது, முழுக்க முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டை.

"அடுத்த வீட்டு மீன் தொட்டிக்காரர்கிட்ட வாங்கினேன். தொட்டித் தண்ணியை வடிகட்டறது. ஊதிப் பாத்துட்டுத்தான் வாங்கினேன், தாராளமாப் போகுது. என் கத்திரிக்கோலைத் தொடாதீங்க. நானே வெட்டித் தர்றேன்."

துணி வெட்டுகிற கை. இரண்டு வட்டமும் அச்சு வார்த்த மாதிரி வந்தது. மூக்கில் வைத்ததும் கச்சிதமாக உட்கார்ந்தது. எண்ணெய் தடவி, பிழிந்து, மாட்டி, ஒரே உதை. வண்டி பிடித்துக்கொண்டது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. கண்ணாடிக்காரரின் நெஞ்சும் அதிர்ந்தது. இவளைப் போய் வண்டிக்கு எதிரி என்று நினைத்தோமே என்று உருகிப்போனார். வாய் ஓயாமல் திட்டினாலும் உள்ளுக்குள் இவளுக்கும் வண்டி மேல் பாசம்தான் என்று புரிந்துகொண்டார். அவருக்குப் புரிகிற விஷயங்கள் எப்போதும் இந்த மாதிரிதான் இருக்கும்.

ஞாயிறு காலை மச்சான் வேனோடு வந்து இறங்கினான்.

"வேனைத் திருப்பிக்கோ மச்சான்! இன்னைக்கு உனக்கு இங்க சுமை கிடையாது," என்றார் கண்ணாடிக்காரர். தொப்பி வைத்திருந்தார், கையுறை போட்டிருந்தார்.

"ஓடட்டும் மாமா, பாக்கலாம்," என்று அவன் சிரித்தான்.

வாசல் படிக்கு அவளே பலகை போட்டுக் கொடுத்தாள். இதற்கு முன் யாராவது அந்த வண்டியை வெளியே நகர்த்தக் கை வைத்தால், பெற்ற பிள்ளையைப் பிடுங்குகிற மாதிரி அவர் அலறுவார். இன்று அவரே ஓட்டிக்கொண்டு இறங்கினார். தெருக்கோடி வரை போய் வருவதுதான் பேச்சு. போனார். அங்கே நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நாலு பேர் பார்த்த பிறகு யார் திரும்புவார்கள்? அடுத்த தெரு, கடைத்தெரு, கண்ணாடிக் கடை வாசலில் ஒரு ஹாரன், பில்டர் இல்லை என்று சொன்ன கடை வாசலில் நீளமாக இரண்டு ஹாரன். வண்டி ஒரு இடத்திலும் திணறவில்லை. அவர் ஜம்மென்று வீடு திரும்பினார்.

வாசலில் பலகை இல்லை.

எட்டிப் பார்த்தார். ஜன்னலடியில் தையல் மெஷின். அதன் பக்கத்தில், மச்சான் வேனில் வந்திறங்கிய நீளமான வெட்டு மேஜை. அதன் மேல் ஏற்கெனவே துணி விரித்தாயிற்று. மச்சான், வீட்டுக்குப் பக்கவாட்டுச் சந்தில் ஏணி மேல் நின்று தகரக் கூரைக்குக் கடைசி ஆணி அடித்துக்கொண்டிருந்தான்.

"அக்கா சொல்லுச்சு மாமா, எப்படியும் ஊரைச் சுத்திட்டுத்தான் வருவீங்கன்னு," என்றான்.

"என்னம்மா இது?" என்று கண்ணாடிக்காரர் கத்தினார். "அனுப்ப மாட்டேன்னு சொன்னியே!"

"கோழிக் கொட்டகைக்குத்தானே? அனுப்பலையே. சந்துல கூரையே போட்டிருக்கு, ஒரு சொட்டு நனையாது."

"அதோட இடம் உள்ள இருக்கு!"

"ரிப்பேர்ல இருந்தவரைக்கும் உள்ள இருந்துச்சு. ஓடற வண்டியை யாராவது ஹால்ல நிறுத்துவாங்களா? நான் தள்ளச் சொன்னா தள்ள மாட்டீங்க. நீங்களா ஓட்டிட்டுப் போனாத்தானே இடம் காலியாகும்? அதுக்குத்தான் மீன் தொட்டி வரைக்கும் அலைஞ்சேன்."

அவர் ஓடிக்கொண்டிருந்த வண்டியின் மேலேயே உட்கார்ந்திருந்தார். அதுவாவது நடுவில் நின்று தொலைக்கக் கூடாதா என்று அன்றுதான் முதல்முறையாக நினைத்தார். அது கிண்கிண்ணென்று ஓடியது.

அவள் ஊசியில் கருப்பு நூலை ஒரே தடவையில் கோத்துவிட்டு, ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

"வண்டியை ஆஃப் பண்ணிடாதீங்க, அப்படியே கடைத்தெருவுக்குப் போய் தையல் மெஷின் எண்ணெய் ஒரு பாட்டில் வாங்கிட்டு வந்துடுங்க!"