டப்பா மேல் எழுதிய எண்

ஃபிலிம் டப்பாவின் மேல் 2? என்று இருந்தது. சரத்தின் நோட்டிலோ 12? என்று இருந்தது. அந்தக் கேள்விக்குறியைப் பெரிதாக எடுத்துக்கொள்ள முடியாது. எதை எழுதினாலும் பென்சிலில் எழுதி, பின்னால் ஒரு கேள்விக்குறியும் போடுவது அவன் வழக்கம்.

அவன் போகும் ராபர்ட்சன்பேட்டை மாலை ஃபோட்டோ வகுப்பில் எல்லோருக்கும் ஒரே கேமராதான். தன் முறை முடிந்ததும், பாதி எடுத்த ஃபிலிமை நுனி மட்டும் வெளியே தெரியத் திரும்பச் சுற்றி எடுத்துக்கொண்டு, எத்தனை படம் ஆயிற்று என்று டப்பா மேல் எழுதிவைக்க வேண்டும். மறுபடி மாட்டும்போது லென்ஸை மூடி, அத்தனை தடவை சும்மா அழுத்தித் தள்ள வேண்டும்.

போன வாரம் பக்கத்து வீட்டு சாம்ராஜை, கோட்டுப் போட்டு வாசல் கதவைப் பிடித்தபடி நிற்கவைத்துத் தனியாக எடுத்திருந்தான். மகள் வினோலியா கல்யாணத்துக்கு வருவாராம். மாப்பிள்ளையோடு ஒரே ஃபோட்டோவில் மட்டும் நிற்கமாட்டாராம். பெங்களூரு மாப்பிள்ளை மேக்ஸ்வெல், "இங்க மண்மேட்டைத் தவிர என்ன இருக்கு மாமா?" என்று கேட்டுவிட்டான். இருபது வருஷம் தங்கச் சுரங்க ஷாஃப்டில் இறங்கி ஏறியவரிடம்!

சூடு படாமல் இருக்க, ஃபிலிமை அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜிலேயே வைத்தான் சரத். "ஆன்ட்டி, நம்பர் தப்பினா அங்கிள் மேலயே மாப்பிள்ளை வந்து உக்காந்துக்குவாரு" என்று சாம்ராஜின் மனைவி சாராவிடம் நான்கு தடவை சொன்னான்.

இன்று கல்யாணம்.

"ஆன்ட்டி, அன்னிக்கு எத்தினி எடுத்தேன்?"

"ரெண்டுதான்பா. காப்பி ஆறறதுக்குள்ள முடிச்சிட்டியே."

லென்ஸை மூடி இரண்டு தடவை அழுத்தினான். பத்திரத்துக்கு ஒன்று. மூடியிருந்ததா என்ற சந்தேகத்துக்கு இன்னொன்று. ஐந்தாவதிலிருந்து கல்யாணம்.

சாயங்காலம் சாம்ராஜ் தாடையைத் தடவினார். "பன்னெண்டு வாட்டி 'சிரிங்க அங்கிள்'னியே, இன்னும் வலிக்குதுடா."

சரத் நோட்டை எடுத்து அந்த 12-ஐ மறுபடி பார்த்தான். "அங்கிள், இன்னொரு வாட்டி எடுத்துக்கட்டா?"

"போடா. கோட்டு லாண்டரிக்குப் போயாச்சு."

ஃபிலிமைக் கழுவியபோது எட்டுப் படங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. ஏழு படங்களில் கேக்குக்கு சாம்ராஜின் மீசை முளைத்திருந்தது. எட்டாவதில் சர்ச் வாசல் இருட்டில் மணமக்கள். பக்கத்தில் கோட்டும் சிரிப்புமாக சாம்ராஜ். அன்று கதவைப் பிடித்திருந்த கை, மாப்பிள்ளையின் தோள்மேல் இருந்தது.

அந்தப் படத்தை சாம்ராஜிடம் நீட்டினான். அவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"நானாடா இவன் தோள் மேல கை போட்டேன்?"

"அது கதவு அங்கிள்..."

"கதவுன்னு பாக்கறவங்களுக்குத் தெரியுமா?" மறுபடி பார்த்தார். மீசை லேசாகத் துடித்தது. "போட்ட கையை இனிமே இன்னா எடுக்கறது? சாரா, மாப்பிள்ளையை ஞாயித்துக்கிழமை சாப்பிட வரச்சொல்லு. மண்மேடாம்! நானே கூட்டிட்டுப் போய்க் காட்டறேன்."

வாசல்வரை வந்த சாரா, சரத்தின் கையில் ஒரு துண்டு கேக்கை வைத்து அழுத்தினாள்.

"நல்லவேளை நீ பேனாவுல எழுதலப்பா. டப்பா மேல நீ எழுதின பன்னெண்டுல முன்னால இருந்த ஒண்ணை நான் எப்பிடி அழிச்சிருப்பேன்?"