கமலம்மாவின் வெள்ளிக்கிழமைப் படங்கள்

டாக்டர்கள் கைவிட்ட மனைவியைக் கம்ப்யூட்டரை வைத்துக் குணப்படுத்திவிடுவது என்று பிச்சாட்டூர் ஸ்டுடியோக்காரர் வேதாச்சலம் ஒரு தீர்மானத்துக்கு வந்தார்.

தீர்மானம் எடுப்பதில் அவருக்குப் பஞ்சமே இருந்ததில்லை. வெற்றிலையை விடுவதாக ஒன்று எடுத்தார். மனைவி சொல்வதற்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது முடியாது என்று சொல்லிவிடுவதாக ஒன்று எடுத்தார். இரண்டும் எடுத்த இடத்திலேயே நின்றுவிட்டன. இது மட்டும் அப்படி ஆகக்கூடாது என்று பிள்ளையாரை வேண்டிக்கொண்டார்.

கமலம்மாவுக்கு வயிற்றில் கட்டி. திருப்பதியில் வைத்தியம் பார்த்தார்கள். அறுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது. கடைசியில் ஒரு டாக்டரம்மா வேதாச்சலத்தைத் தனியாகக் கூப்பிட்டு, இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள், கேட்டதைச் செய்து கொடுத்து சந்தோஷமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று தெலுங்கில் சொன்னார். ஆந்திர எல்லையிலேயே பிறந்து வளர்ந்த வேதாச்சலத்துக்குத் தெலுங்கு தமிழைப் போலவே வரும். அன்றைக்கு மட்டும் ஒரு வார்த்தைகூடப் புரியாதவர் மாதிரி நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் கமலம்மா முதலில் கேட்டதே செய்து கொடுக்க முடியாததாக இருந்தது.

"யோவ், என்ன நல்லதா ஒரு படம் எடுய்யா."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? ஸ்டுடியோக்காரன் பொண்டாட்டிக்கு ஒரு படம் கீதா இந்த ஊட்டுல? கல்யாணத்துல எடுத்தது ஒண்ணு. அதுலயும் தலைய குனிஞ்சிக்கினு கீறேன். வகுடுதான் தெரியுது."

"ஒடம்பு தேறட்டும். அப்பால எடுக்கலாம்."

"தேறினா எடுக்கறதுக்கா நா கேக்கறேன்?"

வேதாச்சலம் எழுந்து முன்னறைக்குப் போய்விட்டார். அந்த முன்னறைதான் ஸ்டுடியோ.

எதற்குக் கேட்கிறாள் என்று அவருக்குத் தெரியாதா? சாவு விழுந்த வீட்டிலிருந்து ஆள் வருவது அவருடைய தொழிலில் பாதி. காரியத்தன்று மாலை போட ஒரு படம் வேண்டும் என்பார்கள். கையில் இருப்பது ரேஷன் கார்டிலிருந்து கிழித்த துண்டு, இல்லாவிட்டால் ஆதார். சட்டையே போடாமல் வாழ்ந்து முடித்தவர்களுக்கெல்லாம் அவர் கோட்டு மாட்டியிருக்கிறார். மூடின கண்களைத் திறந்து வைத்திருக்கிறார். மாசிலாமணியின் அம்மாவுக்குக் கிடைத்த ஒரே படம் கல்யாணப் பந்தியில் எடுத்தது, வாய் நிறைய லட்டு. என்னென்னவோ செய்தும் ஒரு பக்கக் கன்னம் அடங்கவில்லை. அந்த வீட்டுக்குப் புதிதாகப் போகிறவர்கள் மாலைக்கு நடுவே அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, பாவம், பல்வலியிலா போனார்கள் என்று இன்றைக்கும் விசாரிக்கிறார்கள்.

அதற்குப் பயந்தே முன்கூட்டி வந்து எடுத்துக்கொள்கிற விவரமானவர்களும் உண்டு. "இன்னும் நூறு வருஷம் இருப்பீங்க, கொஞ்சம் சிரிங்க" என்று அவர்களுக்கும் எடுத்துக் கொடுத்தவர்தான் வேதாச்சலம். ஆனால் கமலம்மாவை அந்த ஸ்டூலில் உட்காரவைக்க அவருக்குத் தைரியம் வரவில்லை. எடுத்தால் போய்விடுவாள். எடுக்காதவரை இருப்பாள். அவருடைய கணக்கு அவ்வளவுதான்.

அந்தக் கணக்கிலிருந்துதான் தீர்மானம் பிறந்தது. படம் எடுப்பது, ஆனால் அந்தப் படம் இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் ஒன்று. அதை லேப்டாப்பில் ஏற்றிக் கன்னத்தில் கொஞ்சம் சதை வைப்பது, கண்ணுக்கடியில் கருப்பை எடுப்பது. அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் சதை. தேறிக்கொண்டு வருகிறோம் என்று நம்பினால் இரண்டு வாய் கூடத் தின்பாள். தின்றால் நிஜமாகவே தேறிவிடுவாள். இதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று அவர் தேடிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை.

முன்னேற்பாடாக வீட்டிலிருந்த கண்ணாடிகளை எல்லாம் கழற்றினார். ஆணி சரியில்லை என்றார். ஸ்டுடியோவில் தலை வாருவதற்கு மாட்டியிருந்ததையும் பரணில் போட்டார். பாஸ்போர்ட் சைஸ் படத்துக்கு வந்தவர்கள் செல்போனைப் பார்த்துச் சீவிக்கொண்டார்கள். இவ்வளவுக்குப் பிறகும் கமலம்மாவின் பொட்டு தினமும் நெற்றிக்கு நட்டநடுவில் இருந்தது. அவள் கஞ்சி குடிக்கிற எவர்சில்வர் தட்டைத் தினமும் தானே தேய்த்துக் கொடுக்கிற மனுஷருக்கு, அது எப்படி என்று தோன்றவே இல்லை.

"கமலா, வாரா வாரம் ஒரு படம் எடுக்கலாம்னு கீறேன். ஒடம்பு தேறறது நமக்கும் தெரியணும் இல்ல?"

கமலம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எடேன்," என்றாள். "அந்த அரக்குக் கலர் பொடவைய எடுத்துக் குடு."

வேதாச்சலத்துக்குக் கால் தரையில் நிற்கவில்லை. புடவை கேட்கிறாள்! அடுத்த வாரம் மூக்குத்தியைத் துடைத்துத் தரச் சொன்னாள். அதற்கடுத்த வாரம், ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் வெளிச்சம் நன்றாக விழும் என்று அவளே சொன்னாள். ஆசை திரும்பி வருகிறது, உயிரும் பின்னாலேயே வந்துவிடும் என்று அவர் நினைத்தார். படம் எடுத்து முடித்ததும் அவளைக் கைத்தாங்கலாகக் கட்டிலுக்குக் கொண்டுபோவார். ஒவ்வொரு வாரமும் கனம் குறைந்துகொண்டே வந்தது. கைக்குத் தெரிந்ததை மனசுக்குச் சொல்லாமல் நேராக லேப்டாப் முன்னால் போய் உட்கார்ந்து, குறைந்ததையெல்லாம் கூட்டுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை லேப்டாப்பைக் கட்டிலுக்கே தூக்கிக்கொண்டு வந்தார்.

"பாரு மே. கன்னம் ரொம்பிக்கினு வருது."

"ஆமாய்யா."

"கண்ணு எப்படிக் கீது பாரு. பளிச்சுனு."

"கஞ்சில நீ உப்பு அள்ளிப் போட்டியே, அதான் கண்ணு தொறந்துக்கிச்சு."

சந்தோஷத்தில் அவர் விரல் எங்கேயோ பட்டது. பெரிய படம் போய், படங்களெல்லாம் சின்னச் சின்னதாக வரிசை கட்டி நிற்கிற பக்கம் வந்தது. அவர் வாரக்கணக்காகப் பூசின சதை ஒன்றுகூட அங்கே இல்லை. கமலம்மா கமலம்மாவாகவே இருந்தாள். இடமிருந்து வலமாக வாரத்துக்கு வாரம் வற்றிக்கொண்டே போனாள்.

"இது யாருய்யா?"

"எது?"

"வரிசையா ஒக்காந்துக்கினு கீறாளே ஒருத்தி."

"அது... அது கம்ப்யூட்டர் கோளாறு."

"தொறந்தா தடிச்சி. மூடுனா ஒல்லி. நல்ல கோளாறுதான்."

"பழைய லேப்டாப்பு மே. சின்னதா காட்டறப்போ எல்லாம் ஒடுங்கிப்போய்த் தெரியும்."

"அப்போ பக்கத்துல, நீ கல்யாணத்துல எடுத்த நாகலாபுரத்து மாப்பிள கீறானே, அவன் ஏன் ஒடுங்கல? சின்னதுலயும் கொழுகொழுன்னுதான கீறான்?"

"அவன்... அவன் நல்லா துன்னற ஆளு."

கமலம்மா கண்ணை மூடிக்கொண்டாள். "சரி வுடு. ரிப்பேர் பண்ணு," என்றாள்.

வேதாச்சலம் ஸ்டுடியோவுக்கு ஓடி, கதவைச் சாத்திக்கொண்டு, திருப்பதி லேபுக்குப் போன் போட்டார். அவர் எடுக்கிற கல்யாண ஆல்பங்களை எல்லாம் பிரிண்ட் போட்டுத் தருகிற சந்திரசேகர் எடுத்தான்.

"ஏமண்ணா?"

"சேகரு, எடிட் பண்ண படம் தொறந்தா ஒரு மாதிரி, வரிசையில பாத்தா ஒரு மாதிரி தெரியுதுப்பா. எது நெசம்?"

"அதுவா. அண்ணா, படத்த மொதமொதல்ல உள்ள ஏத்துறீங்க இல்ல, அப்பவே அது ஒரு சின்ன காப்பி எடுத்து வச்சுக்கும். வரிசையில காட்டறது அந்தப் பழைய காப்பி. தொறந்தா மட்டும்தான் ஒரிஜினல எடுத்து, நீங்க சொன்ன மாத்தமெல்லாம் மேல போட்டு, புதுசா காட்டும். உங்க லேப்டாப்பு ஸ்லோ. சின்ன காப்பி மாறவே இல்ல. எல்லாத்தையும் செலக்ட் பண்ணி ப்ரிவ்யூ புதுசா போடுங்க, சரியாப்பூடும்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். நீங்க இன்னா பண்ணாலும் ஒரிஜினல அது தொடாது அண்ணா. அது அடியில அப்படியே இருக்கும்."

"அது இருந்துட்டுப் போவட்டும்," என்று வேதாச்சலம் போனை வைத்தார். அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. எல்லாச் சின்னப் படங்களையும் புதுப்பித்தார். லேப்டாப் மூச்சு வாங்கி மூச்சு வாங்கி ஒவ்வொன்றாக மாற்றியது. வற்றின முகங்கள் ஒவ்வொன்றும் அவர் கண்ணெதிரே நிறைந்துகொண்டே வந்தன. நிஜத்திலும் இப்படி ஒரு பட்டன் இருந்தால் என்று நினைத்து அங்கேயே அழுதார். பிறகு முகம் கழுவிக்கொண்டு, ஜெயித்தவர் மாதிரி உள்ளே போனார்.

"ரிப்பேர் பண்ணிட்டேன். இப்போ பாரு."

"அட, ஆமாய்யா. எல்லாரும் தடிச்சிட்டாளுங்க."

அன்றைக்கு அவள் இரண்டு வாய் கூடவே தின்றாள். சாயங்காலம், அவள் வாந்தி எடுக்க வைத்திருந்த தொட்டியைக் கழுவப் போனபோது அந்த இரண்டு வாயும் அங்கே கிடந்தன. வேதாச்சலம் தண்ணீர் ஊற்றி அதையும் இல்லாமல் செய்துவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து திருப்பதி பஸ் கண்டக்டர் ஸ்டுடியோ வாசலில் ஒரு பார்சலை இறக்கிவிட்டுப் போனார். லேபிலிருந்து வந்திருந்தது. நாகலாபுரத்து மாப்பிள்ளைக்குப் பிரேம் போட்ட படமாக இருக்கும் என்று நினைத்து, கமலம்மாவுக்கும் காட்டலாம் என்று கட்டிலில் வைத்தே நியூஸ் பேப்பரைப் பிரித்தார்.

உள்ளே கமலம்மா இருந்தாள்.

சதை வைக்காத கமலம்மா. எலும்பு தூக்கின கன்னம், குழிவிழுந்த கண், தலையில் புதிதாக முளைத்த பூனைமுடி. அரக்குப் புடவை. வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். எந்த வெள்ளிக்கிழமை என்று வேதாச்சலத்துக்குத் தெரிந்தது. கேமராவோடு பின்னால் நகர்ந்தவர் துணி ஊறவைத்த டப்பில் போய் உட்கார்ந்துவிட்டார். நனைந்த வேட்டியோடு எழுந்து, 'சிரிப்பா வருது, இரு' என்று கோபத்தில் அமுக்கின படம் அது. கன்னத்தை ரொப்பும்போது வாயோரத்துச் சுருக்கங்களை எல்லாம் துடைத்துவிட்டிருந்தார். சிரிப்பும் அதோடு போயிருந்தது. அதை அவர் இப்போதுதான் கவனித்தார்.

"இத... இத யாரு அனுப்பனது?"

"நாந்தான். நீ சத்தியவேடு கல்யாணத்துக்குப் போனியே, அன்னிக்கு."

"உனக்கு எப்படி மே..."

"நீ ஊர் ஊரா கல்யாணம் சுத்தறப்போ கடையில பாஸ்போர்ட் சைஸ் போட்டுக் குடுத்தது யாரு? ரீசெட்டுனு ஒரு பட்டன் கீது. ஒரே அமுக்கு. நீ பூசனதெல்லாம் பூடுச்சு. சேகர் தம்பிக்குப் போன் போட்டேன், உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னேன். நல்ல புள்ள, சொல்லல."

"அப்போ உனக்கு மொதல்லயே தெரியுமா?"

"மொத வெள்ளிக்கிழமையே தெரியும்."

"அப்புறம் ஏன் சும்மா இருந்த?"

"கேட்டேன். எடுக்க மாட்டேன்ன. சும்மா இருந்தேன். வாரம் ஒண்ணு எடுத்த. நா இன்னா பண்ணட்டும், சொல்லு."

எந்தப் படத்தை எடுக்கவே கூடாது என்று வேதாச்சலம் இருந்தாரோ, அதை அவரே, அவர் கேமராவிலேயே, புடவை எடுத்துக் கொடுத்து, ஜன்னலைத் திறந்துவைத்து எடுத்திருக்கிறார். கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். டாக்டரம்மா தெலுங்கில் சொன்னது இத்தனை நாள் கழித்து அன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்தது. சின்னப் பிள்ளை மாதிரி சத்தம் போட்டு அழுதார். கமலம்மா கையை நீட்டி அவர் தலையில் வைத்தாள். அந்தக் கைக்கும் கனமே இல்லை.

அழுகைக்கு நடுவிலும் தொழில்காரன் புத்தி போகவில்லை. துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"நா எடிட் பண்ணதுல ஒண்ணுகூடவா நல்லா இல்ல?"

"நல்லாதான்யா கீது. அவ நல்ல அழகி," என்றாள் கமலம்மா. "அதான் வேணாங்கறேன். நா போனப்பறம் எவளோ ஒருத்திக்கு மாலை போட்டுக்கினு நீ ஒக்காந்து அழுவ, அத நா பாத்துக்கினு இருக்கணுமா?"