மின்வெட்டு இல்லாத ஆஸ்பத்திரி

புது ஆஸ்பத்திரியைத் திறப்பதற்கு முன் அதிலுள்ள இயந்திரங்களையெல்லாம் ஓட்டிப் பார்த்து, 'பாதுகாப்பாக உள்ளது' என்று கையெழுத்துப் போட ஒரு பொறியாளர் நியமிக்கப்பட்டிருந்தார். லிஃப்ட் ஏறி இறங்கியது. குழாயில் தண்ணீர் வந்தது. அதுவும் திறந்த குழாயிலேயே வந்தது. அறுபத்தேழு சோதனைகளில் ஒன்றுதான் பாக்கி. மின்வெட்டு வந்தால் பத்து விநாடிக்குள் ஜெனரேட்டர் தானாக ஓட வேண்டும்.

அதைப் பார்க்க மெயின் சுவிட்சை இறக்க வேண்டும். அனுமதி கேட்டு மேலதிகாரிக்குக் கடிதம் எழுதினார். எதைக் கேட்டாலும் பரிசீலிக்கிறேன் என்பவர் ஆதலால் மேலதிகாரிக்கு அலுவலகத்தில் பரிசீலனையார் என்று பெயர். இந்தக் கடிதத்தை மட்டும் அவர் பரிசீலிக்கவில்லை. படித்த கையோடு பொறியாளரைக் கூப்பிட்டனுப்பினார்.

"மின்வெட்டுன்னு எழுதியிருக்கீங்களே, நம்ம ஊர்ல மின்வெட்டு இருக்கா?"

"நேத்துகூட மூணு மணி நேரம் போச்சுங்க சார்."

"அது பராமரிப்பு. மின்வெட்டை ஒழிச்சாச்சுன்னு போன மாசமே ஆணை வந்திருச்சு. ஒழிச்ச ஒண்ணுக்குச் சோதனை வச்சா, நாமளே ஆணைய நம்பலன்னு ஆயிடும்."

பொறியாளர் 'மின்தடை' என்று மாற்றி எழுதினார். யார் தடுத்தது என்று கேட்டுத் திரும்பி வந்தது. 'மின்சாரம் சற்றே ஓய்வெடுக்கும் வேளையில்' என்று எழுதினார். அதற்கு விடுப்பு வழங்கியது யார் என்று பணியாளர் பிரிவு விளக்கம் கேட்டது. கடைசியில் பரிசீலனையாரே பெரிய மனது பண்ணி, படிவத்தில் 'ஜெனரேட்டர் இயங்குகிறதா?' என்ற கேள்விக்கு எதிரே, 'தேவை எழாது' என்று தம் கைப்பட எழுதிக் கொடுத்தார். கீழே பொறியாளர் கையெழுத்துப் போட வேண்டியதுதான். போடாவிட்டால் வேலை போய்விடும்.

பொறியாளர் வீட்டில் பரிசீலனையாரைவிடப் பெரிய மேலதிகாரி இருந்தாள். மனைவி நர்ஸ், அதே கட்டிடத்தில் ஆபரேஷன் அறையில்தான் அவளுக்கு வேலை போட்டிருந்தார்கள். ஒரு மனுஷன் வயிற்றைத் திறந்து வைத்திருக்கும்போது விளக்கு அணைந்தால் என்ன செய்வது என்று காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். பொறியாளர் கையெழுத்தைத் தள்ளிப் போட்டார்.

திறப்பு விழா நாள் வந்தது. நோயாளிகள் மறுநாள்தான் வருவார்கள் என்பதால், யாருக்கும் ஆபத்தில்லாமல் சோதித்துப் பார்க்க அதுதான் கடைசி நாள். ஜன்னல் வைப்பது இப்போது நாகரிகமில்லை என்று ஒரு ஜன்னல்கூட இல்லாமல் கட்டிய அரங்கில் அமைச்சர் பேசிக்கொண்டிருந்தார். பொறியாளர் அடித்தளத்துக்குப் போய், வருவது வரட்டும் என்று சுவிட்சை இறக்கிவிட்டார். பத்து விநாடி எண்ணினார். ஜெனரேட்டர் ஒருமுறை இருமிவிட்டு அடங்கியது. நூறு வரை எண்ணிப் பார்த்துவிட்டுச் சுவிட்சை ஏற்றினார்.

மேலே கும்மிருட்டில், மைக் செத்த பிறகும் அமைச்சர் தொண்டை கிழியப் பேசிக்கொண்டுதான் இருந்தார். மின்வெட்டை ஒழித்துவிட்டோம் என்ற இடத்தில் கூட்டம் இருட்டிலேயே கைதட்டியது.

சாயங்காலமே விசாரணை. தன் வேலை போனாலும் ஜெனரேட்டரைச் சரிசெய்துவிடுவார்கள் என்று நம்பி, பொறியாளர் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்.

"நான்தான் சார் சுவிட்சை இறக்கினேன். ஜெனரேட்டர் ஓடல."

பரிசீலனையார் கோப்பை மூடினார். "உங்கள சஸ்பெண்ட் பண்ணணும்னா கரண்ட் போச்சுன்னு எழுதணும். கரண்ட் போகவே இல்லையே."

"அப்போ ஜெனரேட்டர்?"

"கரண்ட் போகாதப்ப அது ஓடாம இருந்ததுதானே சரி? சோதனையில தேறிடுச்சு. போடுங்க கையெழுத்து."

பொறியாளர் போட்டார். கை நடுங்கியது என்று சொல்ல ஆசைதான். நடுங்கவில்லை, எழுத்து முத்து முத்தாக இருந்தது. வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி திட்டவில்லை, தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை ஆபரேஷன் பிரிவின் வாசலில் அவள் கைப்பட எழுதிய அறிவிப்பு ஒட்டியிருந்தது: 'நோயாளியுடன் வருபவர் கொண்டுவர வேண்டியவை: போர்வை ஒன்று, தண்ணீர் பாட்டில் ஒன்று, டார்ச் லைட் இரண்டு.'

டார்ச் லைட் எதற்கு என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதை ஆஸ்பத்திரி வாசலிலேயே விற்றால் சௌகரியமாக இருக்கும் என்று மட்டும் நாற்பது பேர் சேர்ந்து மனு கொடுத்தார்கள்.