மத்தியாஸின் ஒப்பு

கோட்டாற்றில் மைதீன் கனியின் வீட்டு முன்கூடத்தில் அன்று காலை இருந்தவர்கள்: சாய்வு நாற்காலியில் மைதீன் கனி. பெஞ்சில், கொழும்பிலிருந்து திரும்பிய மைத்துனன் கமருதீன். ஏணியின் மேல்படியில், லைசன்ஸ் பெற்ற வயர்மேன் மத்தியாஸ். உள்வாசல் திரைக்கு அப்பால் தரையில் மைதீன் கனியின் மனைவி மைமூன் பீவியும், இந்தக் கல்யாணத்தைப் பேசி முடித்துக்கொடுத்த பல்கீஸ் பீவியும். மைதீன் கனியின் மகள், மணப்பெண் நூர்ஜஹான் அதற்கும் உள்ளே.

கொல்லம் ஆண்டு 1110. தெருவுக்குக் கரண்டுக் கம்பிக்கால் வந்த புதிது. விளக்குச் சிமினிகளைச் சாம்பல் தொட்டுத் துடைத்து வரிசையாக வைப்பதில்தான் அந்தி தொடங்கும். அந்த மண்ணெண்ணெய் வாசனையை இன்று நினைத்தாலும் மூக்கு தேடுகிறது. ஆனால் குளச்சல் மாப்பிள்ளை வீட்டார், கரண்டு விளக்கில்லாத வீட்டில் நிக்காஹ் வேண்டாம் என்றுவிட்டார்களாம். பல்கீஸ் வந்து சொன்னது. வருகிற வியாழன் கல்யாணம்.

கொழும்பில் விளக்குக் கடையில் நின்ற துணிச்சலில் கமருதீனே எல்லா அறைக்கும் கம்பி இழுத்துவிட்டான். கரண்டு ஆபீசிலோ, லைசன்ஸ்காரன் வீடு முழுக்கப் பார்த்துக் கையெழுத்து வைத்து ஒப்புப் போட்டால்தான் கரண்டு என்றார்கள். ஊரெல்லாம் விசாரித்து, வடசேரியிலிருந்து மத்தியாஸைக் கூட்டி வந்தார்கள். அவர் முன்கூடத்தைப் பார்த்து முடித்தார். இனி உள்ளே போகவேண்டும் என்றார்.

"உள்ள கோஷாப் பொம்பளைய இருக்காவ, வேய். எப்பிடிப் போவீரு?"

"போவாம ஒப்புப் போட ஒக்காது, முதலாளி."

கமருதீன் ஒரு வழி கண்டான். அவனே உள்ளே போய், எங்கே கம்பி, எங்கே சுவிச்சு என்று ஒவ்வொன்றாகக் கூவினான். மத்தியாஸ் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

"இது காதால பாக்குத வேலை இல்ல. நாளைக்குத் தீப்பிடிச்சா ஆபீஸ்காரன் இவரையா தேடி வருவான்? என்னையில்லா வருவான்."

சரி, பெண்கள் அடுக்களைக்குப் போகட்டும் என்றார் மைதீன் கனி. போனார்கள். மத்தியாஸ் அறை அறையாகப் பார்த்தார். மிஞ்சியது அடுக்களை. ஒரு அடுக்களைதானே, விட்டுவிடும் என்று கமருதீன் கெஞ்சிப் பார்த்தான். புகையும் ஈரமும் உள்ள இடத்தைத்தான் முதலில் பார்த்திருக்கவேண்டும் என்று மத்தியாஸ் ஏணியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

வேறு வழியில்லை. பெண்கள் எல்லோரும் தலையை மூடிக்கொண்டு, புறவாசல் வழியாக அடுத்த வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். அது மைதீன் கனியின் அண்ணன் அசனார் வீடு.

அந்தத் தெருவில் ஒரு குடும்பத்துப் பெண்கள் பட்டப்பகலில் இப்படி ஒன்றாக வெளியே இறங்கினால் அது மவுத்து விழுந்த சாவு வீட்டுக்குத்தான். அசனாருக்கோ வயதும் ஆகிவிட்டது. எதிர்வீட்டில் அழுகை தொடங்கியது. அது தெருக்கோடிக்குப் போனது. பள்ளிவாசலிலிருந்து, மையத்தை எடுத்துப்போகிற சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு ஆள் வந்துவிட்டது.

பலகாரம் தின்று படுத்திருந்த அசனார் சத்தம் கேட்டு விழித்தார். தொப்பியைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து, சந்தூக்குக்குப் பின்னால் நின்றவனிடம் அடக்கமாக விசாரித்தார்.

"யாரு மக்கா மவுத்து?"

அவன் அலறிக்கொண்டு ஓடினான்.

இந்த அமளியில் மத்தியாஸ் அடுக்களையை நிதானமாகப் பார்த்து, இரண்டு கம்பியை மாற்றிக் கட்டி, ஒப்பும் போட்டுவிட்டார். ஆனால் மீன்வாங்கப் போன வண்டிக்காரன் ஒருவன் செய்தியையும் ஏற்றிக்கொண்டு குளச்சலுக்குப் புறப்பட்டுவிட்டதாகத் தெரிந்தது. பெண்ணின் பெரியவாப்பா மவுத்து என்றால் கல்யாணம் தள்ளிப்போகும். மாப்பிள்ளை அடுத்த வாரம் கப்பல் ஏறுகிறவன். பிறகு எப்போது வருவானோ.

மைதீன் கனி அவசரமாகத் தாள் எடுத்தார். தாங்கள் கேட்டபடியே எல்லா அறைக்கும் கம்பி இழுத்து, லைசன்ஸ்காரர் ஒப்பும் ஆயிற்று என்றும், அண்ணன் சுகமாக இருக்கிறார் என்றும், வியாழக்கிழமை நிக்காஹில் மாற்றமில்லை என்றும் எழுதினார். உறையில் பசை தடவி ஒட்டினார். கமருதீனிடம் கொடுத்து வில்வண்டியில் ஏற்றிவிட்டார். வண்டி தெருமுனை திரும்பி மறைந்தது.

பெண்கள் திரும்பி வந்து திரைக்கு அப்பால் உட்கார்ந்திருந்தார்கள். பல்கீஸ் பீவி மெல்லக் கேட்டாள்.

"அதுல விளக்கைப் பத்தி ஒண்ணும் எழுதலியே, காக்கா?"

"அதத்தானே முதல்ல எழுதினேன். அவிய கேட்டதில்லா?"

பல்கீஸ் பீவி திரையோரமாக நகர்ந்து வந்தாள்.

"அவிய எங்க கேட்டாவ, காக்கா? மைமூன் மச்சி சொல்லச் சொன்னதத்தானே நான் வந்து சொன்னேன்."