மேசை ஐந்து, இலக்கு நான்கு

“பஸ்ஸையே பாத்து ஏறத் தெரியாது உனக்கு. முந்நூறு மீட்டர் தள்ளி இருக்கறத எப்படிலா சுடுவ?”

அப்பா இதைச் சொன்னபோது அவர் கையில் ரொட்டி சானாய் இருந்தது. என் கையில் துப்பாக்கி சுடும் கிளப்பின் புது உறுப்பினர் அட்டை இருந்தது. பஸ் விஷயத்தில் அவர் சொன்னது உண்மைதான். டத்தோ கிராமாட்டில் இறங்க வேண்டியவள், ஜன்னல் வழியே மேகத்தைப் பார்த்தபடி ஆயர் ஈத்தாம் வரை போய்த் திரும்பியது பல முறை. (ஒரு முறை ஏறியதே வேறு பஸ். அதைக் கடைசி நிறுத்தத்தில் டிரைவர் எழுப்பிச் சொன்னபோதுதான் தெரிந்தது. தூங்கவில்லை. கண் திறந்துதான் இருந்தது.)

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்த முதல் ஆள் நான். அப்பா துறைமுகத்தில் சாமான் ஏற்றி இறக்குகிறார். எழுத்து தெரியாது, எண்கள் தெரியும். அம்மா பத்து காவான் என்ற தோட்டத்தில் பிறந்து, மூன்றாம் வகுப்போடு நின்றவர். அதே பத்து காவானில் இன்று தொழிற்சாலை நிற்கிறது. அதன் குளிரூட்டிய அறை ஒன்றில் உட்கார்ந்து, தலைமுடியைவிட மெல்லிய அளவுகளை நான் அளந்துகொண்டிருக்கிறேன். எண்கள் என்னிடம் தப்பவே தப்பாது என்று எனக்கு ஒரு திமிர். அந்தத் திமிர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என்ன ஆனது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

துப்பாக்கி என்றதும் அம்மாவுக்கு முதலில் பயம்.

“ஓடிகிட்டா சுடணும்?”

“இல்லம்மா. மேசையில உக்காந்து. துப்பாக்கிக்கு முன்னால ஒரு தாங்கி, பின்னால ஒரு மணல் மூட்டை. அது பாட்டுக்கு மேசை மேல இருக்கும். நாம லேசா தொட்டாப் போதும்.”

“மேசைக்கு நம்பர் இருக்குமா?”

“இருக்கும்.”

“எதுல சுடுவ?”

“பேப்பர்லதான். வட்டம் போட்ட பேப்பர்.”

“பேசக்கூடாது?”

“கூடாது. ஏழு நிமிஷம். விசில் அடிச்சா நிறுத்திடணும்.”

அம்மாவின் முகம் தெளிந்துவிட்டது. அப்பா பக்கம் திரும்பினார். “பரீட்சைங்க. பரீட்சையில நம்ம புள்ள என்னைக்குப் பெயிலானா?”

எனக்கு அந்த விளையாட்டு ஏன் பிடித்தது என்று கேட்டால், காற்று என்றுதான் சொல்வேன். முந்நூறு மீட்டர் போவதற்குள் தோட்டாவைக் காற்று தன் இஷ்டத்துக்குத் தள்ளும். அதனால் மைதானம் நெடுகக் குச்சிகளில் சின்னக் கொடிகள் நட்டிருப்பார்கள். ரோஸ் நிற வால் கட்டிய கொடிகள். அவை தூங்கும், புரளும், ஒன்று மட்டும் எழுந்து மற்றதைக் கூப்பிடும். வெயில் ஏறினால் புல்லிலிருந்து கானல் கிளம்பும். ஸ்கோப் வழியே பார்த்தால் எதிர்ப்பக்கம் முழுவதும் தண்ணீருக்குள் கிடப்பது போல் அசையும். எல்லாக் கொடிகளும் ஒரே நேரத்தில் மூச்சை விடும் ஒரு கணம் வரும். அதுவரை காத்திருக்க வேண்டும். வாழ்க்கையில் முதன்முறையாக, சும்மா வேடிக்கை பார்ப்பது ஒரு திறமை என்று யாரோ எனக்குச் சொன்னது போல் இருந்தது.

மூன்று மாதம் கிளப்பின் துப்பாக்கியில், மேசை இரண்டில் பழகினேன். பிறகு, ஜொகூரில் நடக்கும் பெரிய போட்டிக்கு ஆள் பொறுக்கும் சுற்று வந்தது. ஜொகூர் போகும் அணியில் நான்கு பேர். மூன்று இடம் நிரம்பிவிட்டது. மிச்சமிருந்த ஒரே இடத்துக்கு நெருக்கத்தில் இருந்தது இரண்டு பேர். ஒன்று நான். இன்னொன்று மும்தாஜ் அக்கா. சூலியா தெருவில் பல் மருத்துவமனை வைத்திருப்பவர். நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் கை நடுங்காமல் வேலை செய்கிறவரோடு போட்டி என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்பா அன்று லீவு போட்டுவிட்டு வந்தார். என் பள்ளிப் பரிசளிப்பு விழா எதற்கும் அவர் வந்ததில்லை. வேலை என்பார். அங்கே ஏதாவது படிவத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டுவிடுவார்களோ என்ற கூச்சம் என்று எனக்குத் தெரியும். இங்கே படிவம் இல்லை. கயிறு கட்டிய இடத்துக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலிதான். இஸ்திரி போட்ட சட்டையில் நேராக உட்கார்ந்திருந்தார். ஜொகூரைவிட அந்தச் சட்டைதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

எனக்குக் கிடைத்தது மேசை ஐந்து. மும்தாஜ் அக்காவுக்கு என் வலப்பக்கம், மேசை ஆறு.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். பினாங்கில் நாலாம் எண்ணுக்கு மரியாதை கிடையாது. சீனர்கள் பேச்சில் நாலு என்பது சாவு மாதிரி ஒலிக்கும். அதனால் லிஃப்டில் மூன்றுக்கு அடுத்தது 3A, அதற்கு அடுத்தது ஐந்து. எங்கள் வீடே 3A மாடியில்தான். இருபத்தாறு வருடமாக அந்தப் பொத்தானை அழுத்திக்கொண்டிருப்பவள் நான். மைதானத்தில் மேசைகளுக்கு எண் எழுதிய ஆள் அந்த 3A-கூட வேண்டாமென்று மூன்றிலிருந்து ஐந்துக்குத் தாவிவிட்டார். ஆனால் முந்நூறு மீட்டர் தள்ளி இலக்குகளுக்கு எண் எழுதியவர் ஒரு மலாய்க்காரர். அவர் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று ஒழுங்காக எழுதிக்கொண்டு போயிருந்தார். ஆக, மேசை ஐந்துக்கு நேர் எதிரே நிற்பது இலக்கு நான்கு. மேசை ஆறுக்கு இலக்கு ஐந்து.

இதைச் சொல்லவில்லையா என்றால், சொன்னார்கள். மைதானப் பொறுப்பாளர் ஓங் அங்கிள் ஒலிபெருக்கியில் மலாயில் இரண்டு முறை சொன்னாராம். “மேஜா லீமா, சசாரான் அம்பாட்.” மேசை ஐந்து, இலக்கு நான்கு. அந்த நேரத்தில் மூன்றாவது கொடியின் வாலில் ஒரு தும்பி உட்கார்ந்திருந்தது. காற்று வந்தால் அது பறக்குமா, கொடியோடு சேர்ந்து ஆடுமா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். (ஆடியது.)

பிறகு ஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். கானலுக்குள் மிதந்துகொண்டு பெரிதாக ஒரு 4 தெரிந்தது.

இந்த இடத்தில் ஒரு சாதாரணப் பெண் யாரையாவது கேட்டிருப்பாள். நான் படித்தவள். தாங்கியை எவனோ கோணலாக வைத்திருக்கிறான், கவனமில்லாதவள் என்றால் இந்நேரம் அடுத்தவர் இலக்கைச் சுட்டிருப்பாள் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். தாங்கியை மெல்ல வலப்பக்கம் திருப்பி, 5 தெரியும்வரை நகர்த்தினேன். பெருமை தாங்கவில்லை. பக்கத்து மேசையிடம் சொல்லியும்விட்டேன்.

“அக்கா, தாங்கிய யாரோ தப்பா வச்சிருக்காங்க. நான் சரி பண்ணிட்டேன்.”

மும்தாஜ் அக்கா காதுக்கவசம் மாட்டியிருந்தார். “ஆமா ஆமா,” என்றார், “வெயில் அதிகம்தான்லா.”

விசில் அடித்தது.

அந்த ஏழு நிமிடத்தை நான் இன்றைக்கும் யாருக்கும் விட்டுத் தர மாட்டேன். கொடிகள் புரண்டன, நான் காத்திருந்தேன். என் மூச்சு எங்கேயோ தூரத்தில் யாரோ விடுகிற மூச்சு போல இருந்தது. திடீரென்று எல்லா வால்களும் தொங்கின. தும்பிகூட அசையவில்லை. விசையைத் தொட்டேன். ஒன்று. அடுத்த தோட்டாவுக்குப் போல்ட்டை இழுத்துத் தள்ளினேன். இரண்டு. காற்று இன்னும் தூங்கிக்கொண்டிருந்தது. மூன்று, நான்கு, ஐந்து. ஐந்தும் ஒரே வழியில், ஒரே கதவுக்குள் போவது எனக்குத் தெரிந்தது. பக்கத்தில் மும்தாஜ் அக்காவும் சுட்டுக்கொண்டிருந்தார். ஓட்டைகள் கண்ணுக்குத் தெரியாத அளவு கானல். அதனால் அவருக்கும் எதுவும் தெரியவில்லை.

சுட்டு முடித்ததும் பேப்பர்களைக் கொண்டுவந்து நீள மேசையில் பரப்பினார்கள். இலக்கு நான்கை எடுத்த ஓங் அங்கிள் அதைத் திருப்பிப் பார்த்தார். சூரியனுக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். கடையில் வாங்கியது போலவே இருந்தது.

இலக்கு ஐந்தில் பத்து ஓட்டைகள். ஐந்து அங்கங்கே சிதறி இருந்தன. மற்ற ஐந்தும் நடு வட்டத்தில், ஒரு தே தாரேக் டீ கிளாஸின் அடி மூடிவிடும் அளவுக்குள் ஒட்டிக்கொண்டிருந்தன.

எல்லோரும் மேசை எண்ணைப் பார்த்தார்கள், இலக்கு எண்ணைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். யாரும் விளக்கம் கேட்கவில்லை. அங்கே இருந்த ஒவ்வொருவரும் 3A பொத்தானை அழுத்தி வளர்ந்தவர்கள்.

மும்தாஜ் அக்காதான் முதலில் வாயைத் திறந்தார். “நடுவுல இருக்கறது என்னுது இல்ல அங்கிள். என் சூடு எனக்குத் தெரியாதா?”

“பெராத்துரான் தெத்தாப் பெராத்துரான்,” என்றார் ஓங் அங்கிள். விதி என்றால் விதி. அந்த விதி இதுதான்: ஒரே இலக்கில் இரண்டு பேர் சுட்டு, எது யாருடையது என்று நிரூபிக்க முடியாவிட்டால், இருப்பதில் சிறந்தவை எல்லாம் இலக்குக்குச் சொந்தக்காரருக்கு. எங்கள் இருவர் துப்பாக்கியும் ஒரே ரகம், ஓட்டையும் ஒரே அளவு. ஆகவே என் ஐந்து ஓட்டைகளும் அக்கா கணக்கில் ஏறின. ஜொகூருக்கு அவரை நானே குறிபார்த்து அனுப்பிவைத்தேன். எனக்குப் பூஜ்யம்.

அப்பா கயிற்றைத் தாண்டி வந்தார்.

“உன்னுது எது?”

இலக்கு நான்கைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

“சுத்தமா வச்சிருக்க,” என்றார்.

பிறகு அவர் பக்கத்துப் பேப்பரைப் பார்த்தார். “இந்த நடுவுல இருக்கறது யாரு?”

“நான்தாம்ப்பா.”

மூட்டை தூக்கித் தூக்கித் தடித்த கட்டைவிரலை அந்த ஐந்து ஓட்டைகள் மேல் வைத்தார். முழுதாக மூடவில்லை, ஓரத்தில் கொஞ்சம்தான் தெரிந்தது. விரலை எடுத்தார், மறுபடி வைத்தார்.

“பஸ்ஸு தப்புதான்,” என்றார். “ஆனா போன எடத்துக்குச் சரியாப் போயிருக்க.”

திரும்பும் வழியில், தீவுக்குப் போகும் நீளப் பாலத்தில் வந்தோம். கடல் வெயிலில் அசைந்தது, கானல் மாதிரியே. வீட்டில் அம்மா கதவைத் திறந்ததும் திறக்காததுமாகக் கேட்டார்: “பரீட்சை எப்படி?”

“நல்லா எழுதுனா,” என்றார் அப்பா, செருப்பைக் கழற்றிக்கொண்டே. “பக்கத்துப் பேப்பர்ல.”

அந்த வாக்கியம் எங்கள் வீட்டில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. சொந்தத்தில் எந்தப் பிள்ளை பரீட்சைக்குப் போனாலும் அம்மா திருநீறு பூசிவிட்டு, “ஒன் பேப்பர்ல எழுதிட்டு வா” என்றுதான் அனுப்புகிறார். மும்தாஜ் அக்கா தன் மருத்துவமனையில் என் பெயருக்குப் பக்கத்தில் 3A என்று எழுதி வைத்திருக்கிறார். பல் வலியோடு போய் உட்கார்ந்தால், வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு, “எந்தப் பல்லுன்னு நம்பர் சரியா சொல்லும்மா” என்கிறார்.

அடுத்த போட்டிக்கான படிவம் போன வாரம் வந்தது. விரும்பும் மேசை எண் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் ஐந்து என்று எழுதினேன். சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்த அம்மா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். எழுத்துக் கூட்டி முழுப் படிவத்தையும் அவரால் படிக்க முடியாது. என் பெயரை மட்டும் அடையாளம் தெரியும்.

“இது ஒன் பேப்பர்தான? பாத்துக்கிட்டியா?”

மேலே பார்த்தேன். என் பெயர்தான். மறுபடியும் ஒருமுறை பார்த்துவிட்டு, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.