பதினேழு நீல முகங்கள்

என் மைத்துனர் வீட்டார் பதினேழு பேரும் நீலமாகிவிட்டார்கள். ஆக்கியது நான்.

பழைய குரூப் போட்டோ. வெளிறிப்போய் என் ஸ்டுடியோவுக்கு வந்தது. கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராம் வைத்திருக்கிறேன். மனிதக் கண் எப்படிப் பார்க்குமோ அந்தக் கணக்கில் படத்தைத் திருத்தும். கண் எந்த நிறத்தையும் தனியாகப் பார்க்காது. பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதை வைத்துத்தான் முடிவு செய்யும். இதை மனைவிக்கு விளக்கினேன். தப்பு.

"அதான் எங்க அண்ணன் பக்கத்துல நின்னா நீங்க மங்கலா தெரியறீங்களா?"

நான் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். வேலை இருந்தது.

புரோகிராம் திருத்திய படம் எனக்கு மஞ்சளாகப் பட்டது. மெஷினுக்கு என்ன தெரியும். என் கண்ணுக்கு முப்பத்தெட்டு வருஷ அனுபவம். கையால் நீலம் ஏற்றினேன். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.

அவள் எட்டிப் பார்த்தாள்.

"எல்லாரையும் ஃப்ரிட்ஜுல வச்சா எடுத்தீங்க?"

"சும்மா குறை சொல்லாதே."

"குறை இல்லீங்க, புரை. டாக்டர் சொல்லி ஒரு வருஷமாச்சு. உங்களுக்கு உலகமே மஞ்சளா தெரியுது. ஆபரேஷன் பண்ணிக்கோங்க."

"என் கண்ணுல ஒருத்தன் கத்தி வைக்கறதா? நடக்காது."

"அப்ப பந்தயம். மாடிக் கொடியில ஒரு துண்டு காயுது. வெள்ளையா, மஞ்சளா? நாலு மணிக்குச் சொல்லுங்க. சரியா சொன்னா இனி ஆபரேஷன் பேச்சே எடுக்க மாட்டேன். தப்பா சொன்னா ஆஸ்பத்திரி."

ஒப்புக்கொண்டேன். அவள் சமையலறைக்குப் போனதும் மாடிக்குப் போய்ப் பார்த்தேன். வெள்ளை மாதிரி இருந்தது. மஞ்சள் மாதிரியும் இருந்தது. கேமராவை எடுத்து வந்து துண்டைப் படமெடுத்தேன். கம்ப்யூட்டரில் போட்டு நிறத்தின் எண்ணைப் பார்த்தேன். இளமஞ்சள். எண்ணுக்குப் புரை கிடையாது.

நாலு மணி. இருவரும் கொடியருகே நின்றோம். கண்ணைச் சுருக்கினேன். தாடையைத் தடவினேன். யோசிப்பவன் போலத் தெரிய வேண்டுமே.

"இளமஞ்சள்."

"வெள்ளை."

"மஞ்சள்டி. எனக்கு நல்லா தெரியும்."

"தெரியும். கேமராவோட நீங்க படியேறினதைப் பார்த்தேன். மஞ்சளை மடிச்சு உள்ள வச்சிட்டு இதைப் போட்டேன்."

பேச்சு பேச்சுதான். போனேன். கத்தி வைத்தார்கள்.

கட்டுப் பிரித்த அன்று நேரே ஸ்டுடியோவுக்கு வந்து திரையைப் பார்த்தேன். மைத்துனர் மறுபடி மனிதராகியிருந்தார். பதினேழு பேருக்கும் முகத்தில் ரத்தம் ஓடியது.

"யாரு கை வச்சது? நீயா?"

"எனக்கு இந்த மெஷினே ஆகாது. நீங்க ஏத்தின நீலத்தை மட்டும் எடுத்தாச்சு. புரோகிராம் முதல்ல கொடுத்ததே சரியாத்தான் இருந்துச்சாம்."

"யாரு எடுத்தது?"

"கட்டோட இருந்தப்ப உங்களைப் பார்க்க வந்தாங்களே, அவங்கதான்."

"அவங்களுக்கு எண்பத்திரண்டு வயசு."

"ஆமா. ரெண்டு கண்ணுக்கும் போன வருஷமே ஆபரேஷன் ஆயிடுச்சு."

படத்தைச் சரிசெய்தது என் மாமியார்.